ஸ்டீல் கிட்டாரை நேரில் கேட்பது எப்படி? கன்ட்ரி இசைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையை அண்மையில் கேட்கத் தொடங்கியவர்களில் பலர் முதலில் மனம் பறிகொடுப்பது ஸ்டீல் கிட்டாரிடம்தான். பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் சென்று, விம்மி, மெல்ல அடங்கும் அந்த ஒலியைப் பதிவில் கேட்ட பிறகு, அதை வாசிப்பவரின் கைகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இயல்பாகவே எழுகிறது. அந்த ஆசையோடு பெரிய விளையாட்டரங்கில் நடக்கும் நட்சத்திர நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு வாங்கிச் செல்பவர் சில வேளைகளில் ஏமாந்து திரும்புகிறார். ஒலிபெருக்கியில் ஸ்டீல் கேட்கிறது. மேடையில் அதை வாசிப்பவர் யாரும் இல்லை. முன்பே பதிவு செய்த ஒலித்தடத்தை ஓடவிட்டு அதன்மேல் குழுவினர் வாசிக்கிறார்கள்.

எல்லாப் பெரிய மேடைகளும் அப்படி இல்லை. ஆனால் இன்று ஸ்டீல் கிட்டாரை நேரில் கேட்க விரும்புபவர் பாடகரின் புகழை மட்டும் வழிகாட்டியாகக் கொண்டால் போதாது. மக்கள் இணை இணையாக நடனமாடும் தளம் எங்கே இருக்கிறதோ, வாரநாள் இரவில் பழைய பாடல்களை யார் வாசிக்கிறார்களோ, அங்கேதான் இந்தக் கருவிக்கு நிலையான வேலை இருக்கிறது. பின்வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு கருத்திலிருந்து கிளைப்பவையே.

எதைத் தேடுகிறோம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்டீல் கிட்டார் என்ற பெயரில் குறைந்தது மூன்று கருவிகள் உள்ளன. ‘ஸ்டீல்’ என்ற சொல், கிட்டார் எதனால் செய்யப்பட்டது என்பதைக் குறிப்பதில்லை. வாசிப்பவர் இடக்கையில் பிடித்துத் தந்திகளின்மேல் நகர்த்தும் எஃகு உருளையையே குறிக்கிறது. ஹவாய்த் தீவுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெகூகு என்ற இளைஞர் இம்முறையைப் பரப்பினார். 1915ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு ஹவாய் இசையின் மோகம் அமெரிக்கா முழுவதும் பரவி, அதன் வழியே இந்த வாசிப்புமுறை தென்மாநில இசைக்குழுக்களைச் சென்றடைந்தது. நம் கோட்டுவாத்தியத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் அடிப்படை அந்நியமாகத் தோன்றாது: மெட்டுகளில் விரலை அழுத்தாமல், தந்தியின்மேல் ஒரு பொருளை நகர்த்திச் சுரங்களுக்கு இடையே உள்ள வெளியையும் ஒலிக்கச் செய்வதே இரண்டிலும் நடக்கிறது.

மடியில் வைத்து வாசிப்பது லேப் ஸ்டீல். உலோகக் கூம்பின் அதிர்வால், மின்சாரமின்றியே உரத்து ஒலிப்பது டோப்ரோ. இதை டோப்யேரா சகோதரர்கள் 1928ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள், இன்று இது பெரும்பாலும் மின்கருவிகளின்றி வாசிக்கும் கன்ட்ரியின் கிளையான புளூகிராஸ் குழுக்களில் இருக்கிறது. மூன்றாவதுதான் கன்ட்ரி இசையின் அடையாளமாகிவிட்ட பெடல் ஸ்டீல். மேசைபோல் நான்கு கால்களில் நிற்கும் இதில் வழக்கமாகப் பத்துத் தந்திகள் இருக்கும். கீழே மிதிகளும், முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும் இருக்கும். ஒரு மிதியை அழுத்தினால் குறிப்பிட்ட தந்தி மட்டும் அரைச்சுரமோ முழுச்சுரமோ உயரும். மற்றத் தந்திகள் இருந்த இடத்திலேயே ஒலிக்கும். ஒரு சுரம் அசையாமல் நிற்க, அதன் பக்கத்துச் சுரம் அதை நோக்கி ஏறி வந்து சேருவதைக் கேட்கும்போது நெஞ்சில் ஏற்படும் அந்தப் பிசைவுக்குக் காரணம் இந்த இயந்திர அமைப்பே ஆகும்.

மிதிகள் அதற்கு முன்பும் இருந்தன. ஆனால் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தி, சுரம் மாறும் அசைவையே கேட்கும்படி செய்தவர் பட் ஐசக்ஸ். வெப் பியர்ஸ் பாடி 1954ஆம் ஆண்டில் வெற்றி பெற்ற ‘ஸ்லோலி’ பாடலில் அவர் வாசித்ததைக் கேட்ட மற்ற கலைஞர்கள் தங்கள் கருவிகளையும் அவ்வாறே மாற்றிக்கொண்டார்கள். பிறகு பட்டி எம்மன்ஸ் 1960களின் தொடக்கத்தில் இரண்டு தந்திகளைச் சேர்த்து, ‘ஈ9’ என்ற சுருதியமைப்பை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். நேரில் பார்க்கும்போது ஒரே கருவியில் இரண்டு வரிசைத் தந்திகள் இருந்தால், ஒன்று இந்த ஈ9 என்றும், மற்றொன்று பெரும்பாலும் ‘சி6’ என்றும் கொள்ளலாம். துயரப் பாடல்களுக்கு முன்னது. ஜாஸ் சாயல் கொண்ட வெஸ்டர்ன் ஸ்விங் பாடல்களுக்குப் பின்னது.

காதைப் பழக்குங்கள்

ஸ்டீல்போல் ஒலிக்கும் எல்லாமே ஸ்டீல் அல்ல. சில கிட்டார் கலைஞர்கள் ‘பி-பெண்டர்’ என்ற அமைப்பு பொருத்திய டெலிகாஸ்டர் வகை மின்கிட்டாரை வாசிப்பார்கள். கிட்டாரின் கழுத்தைக் கீழே அழுத்தும்போது தோள்வார் இழுபட்டு ஒரு தந்தி மட்டும் ஒரு முழுச்சுரம் உயர்ந்து ஸ்டீல் கிட்டாரின் சாயலைத் தரும். கிளாரன்ஸ் வைட்டும் ஜீன் பார்சன்ஸும் 1960களின் இறுதியில் உருவாக்கிய அருமையான கருவி அது. ஆயினும் அது ஒரு தந்தியின் அசைவு மட்டுமே. பெடல் ஸ்டீலில் இரண்டு, மூன்று சுரங்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு திசையில் நகரக்கூடும். இன்னொரு அடையாளமும் உண்டு: வாசிப்பவரின் வலக்கால் எப்போதும் ஒலியளவு மிதியின்மேல் இருக்கும். தந்தியை மீட்டும்போது ஒலியைக் குறைத்து, தந்தியின் அதிர்வு தேயத் தேய ஒலியைக் கூட்டுவதால், மீட்டிய சத்தம் இல்லாமல் சுரம் எங்கிருந்தோ பிறந்து வளர்வதுபோல் கேட்கும். ஒரு வாரம் நல்ல பதிவுகளை இந்த இரண்டு அடையாளங்களை மட்டும் கவனித்துக் கேட்டால் போதும். அதன்பின் காது ஏமாறாது.

நுழைவுச்சீட்டு வாங்கும் முன்

பாடகரின் இசைத்தட்டில் ஸ்டீல் இருக்கிறது என்பதால் அவருடைய மேடையிலும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில்லில் பதிவுக்கூடத்தில் வாசிப்பவர்களும் ஊர் ஊராகப் பேருந்தில் பயணம் செய்பவர்களும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். ஆகவே இசைத்தட்டின் கலைஞர் பட்டியலைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அதே பாடகர் கடந்த சில மாதங்களில் நடத்திய நிகழ்ச்சிகளின் காணொளிகளைத் தேடிப் பாருங்கள். ரசிகர்கள் கைப்பேசியில் எடுத்த நடுங்கும் காணொளியே இதற்கு மிகச் சிறந்த சான்று. மேடையின் இரு ஓரங்களையும் கவனியுங்கள், உட்கார்ந்து வாசிப்பவர் ஒருவர் தென்படுகிறாரா என்று பாருங்கள். இசைக்குழு உறுப்பினர்களின் பெயர்களுடன் ‘யுட்டிலிட்டி’ என்று ஒருவரைக் குறித்திருந்தால், அவர் ஸ்டீல், ஃபிடில் (வயலின்), மாண்டலின், டோப்ரோ எனப் பலவற்றை மாற்றி மாற்றி வாசிப்பவர் என்று பொருள். அங்கே ஸ்டீல் கேட்கும். ஆனால் இரவு முழுவதும் கேட்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மரபான ஒலியை விரும்பும் பாடகர்களின் குழுக்களில் தேடுவது பயன் தரும். ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டின் ‘ஏஸ் இன் த ஹோல்’ குழுவில் மைக் டெய்லி தொடக்க நாட்களிலிருந்தே பல பத்தாண்டுகள் ஸ்டீல் வாசித்திருக்கிறார். இளைய தலைமுறையில் சார்லி குரோக்கெட், ஜான் பார்டி, கோடி ஜான்சன், ஸாக் டாப் போன்றவர்களின் இசையில் ஃபிடிலும் ஸ்டீலும் அலங்காரமாக இல்லாமல் அடித்தளமாகவே இருக்கின்றன. குழுக்கள் மாறிக்கொண்டே இருப்பதால், இப்பெயர்களையும் மேற்சொன்ன முறையில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இதைவிட உறுதியான வழி, பாடகரை விட்டுவிட்டு வாசிப்பவரைப் பின்தொடர்வது. ஒரு பாடலில் உங்களைக் கவர்ந்த ஸ்டீல் கலைஞர் யார் என்று கண்டுபிடித்து, அவருடைய சமூக ஊடகப் பக்கத்தைப் பின்தொடருங்கள். பெரும்பாலான ஸ்டீல் கலைஞர்கள் ஒரே வாரத்தில் மூன்று, நான்கு குழுக்களுடன் வாசிப்பவர்கள். எங்கே, எந்த இரவில் வாசிக்கிறார்கள் என்பதை அவர்களே அறிவிப்பார்கள். சுவரொட்டியில் அவர்கள் பெயர் வராது. அவர்களைப் பின்தொடர்பவருக்கு மட்டுமே கிடைக்கும் செய்தி இது.

நாஷ்வில்

டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லுக்கு முதன்முறை செல்பவர் லோயர் பிராட்வே தெருவில்தான் நிற்பார். முற்பகல் தொடங்கி நள்ளிரவுக்குப் பின்னும் ஒவ்வொரு கதவிலிருந்தும் இசை வழியும் அந்தத் தெருவில், பல மதுவிடுதிகளில் ராக் பாடல்களும் அண்மைக்கால வெற்றிப் பாடல்களுமே ஒலிக்கின்றன. நான்கு பேர் நிற்கும் குறுகிய மேடையில் ஸ்டீல் கிட்டாருக்கு இடமும் இல்லை, அதை வாசிப்பவருக்குத் தனியாகப் பங்கு கொடுக்க வருமானமும் போதுவதில்லை. ஆகவே கதவருகே நின்று இரண்டு பாடல்களைக் கேட்டுவிட்டு, மேடையைப் பார்த்துவிட்டு உள்ளே செல்லுங்கள். பெரும்பாலான இடங்களில் நுழைவுக் கட்டணம் இல்லை என்பதால் இதில் இழப்பு ஏதுமில்லை.

அந்தத் தெருவில் நான் முதலில் கைகாட்டும் இடம் ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்டு. பழைய கன்ட்ரிப் பாடல்களையே வாசிக்க வேண்டும் என்பதில் உறுதியாக நிற்கும் விடுதி அது. உரிமையாளர் ஜெஸ்ஸி லீ ஜோன்ஸ் பிரேசிலில் பிறந்தவர், அவருடைய ‘பிரேசில்பில்லி’ குழுவே அங்கு நிலைக்குழு. அந்தக் கட்டடத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பட்டி எம்மன்ஸும் ஷாட் ஜாக்சனும் 1950களில் தொடங்கிய ‘ஷோ-பட்’ ஸ்டீல் கிட்டார் நிறுவனத்தின் கடை ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தது. பின்சந்தைக் கடந்தால் ரைமன் அரங்கம். அந்நாளில் அங்கே நடந்த ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்ற வானொலி மேடை நிகழ்ச்சியில் வாசித்த கலைஞர்கள் தங்கள் கருவியைப் பழுதுபார்க்க வந்துபோன இடத்தில் உட்கார்ந்து ஸ்டீலைக் கேட்கிறோம் என்ற உணர்வுக்காகவே அங்கு ஒரு பகற்பொழுதைச் செலவிடலாம். ஆம், பகற்பொழுதையே. வார இறுதி இரவுகளில் நெரிசலில் மேடையே தெரியாது. செவ்வாய், புதன் பிற்பகல்களில் மேடைக்கு அருகிலேயே நாற்காலி கிடைக்கும். குழந்தைகளுடன் செல்பவர்களுக்கும் பகல்தான் ஏற்றது; மாலைக்குப் பிறகு 21 வயது நிரம்பாதவர்களைப் பல விடுதிகள் அனுமதிப்பதில்லை.

பிராட்வேயை விட்டு வெளியே வந்தால்தான் நகரத்தின் உண்மையான ஸ்டீல் வாழ்க்கை தொடங்குகிறது. ‘தேர்டு அண்ட் லிண்ட்ஸ்லி’ அரங்கில் பல ஆண்டுகளாகத் திங்கள் இரவுகளில் வாசித்துவரும் ‘த டைம் ஜம்பர்ஸ்’ குழுவில் இருப்பவர் பால் ஃபிராங்க்ளின். கடந்த நாற்பது ஆண்டுகளின் கன்ட்ரிப் பதிவுகளில் அவர் வாசிக்காததைக் கண்டுபிடிப்பது கடினம் என்று சொல்லத்தக்க அளவுக்கு வாசித்தவர்; அப்படிப்பட்டவரைச் சில அடி தொலைவில் அமர்ந்து கேட்கக்கூடிய நகரம் வேறொன்று எனக்குத் தெரியாது. நாஷ்வில் பயணத்தைத் திட்டமிடுபவர்கள் திங்கள் இரவு அங்கே தங்கும்படி நாட்களை அமைத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துவேன். அன்று குழு வாசிக்கிறதா என்பதை அரங்கின் நாட்காட்டியில் உறுதிசெய்த பிறகே விமானச் சீட்டு எடுங்கள். செவ்வாய்க்கிழமைகளில் கிழக்கு நாஷ்வில் வட்டாரத்தில் நடக்கும் ‘ஹாங்கி-டாங்க் டியூஸ்டே’ நடன இரவையும் விசாரியுங்கள் (ஹாங்கி-டாங்க் என்பது கன்ட்ரி இசை ஒலிக்கும் மதுவிடுதி). முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்றின் கூடத்தில் வளர்ந்து புகழ்பெற்ற நிகழ்ச்சி அது. அருகிலுள்ள மாடிசனில் ‘டீஸ் கன்ட்ரி காக்டெயில் லவுஞ்ச்’ சிறிய இடம்தான், ஆனால் உள்ளூர்க் கலைஞர்கள் தங்கள் ஓய்வு நாளில் வந்து வாசிக்கும் இடம்.

1925ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் கிராண்ட் ஓல் ஆப்ரியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அங்கே நிலைக்குழு ஒன்று உண்டு, அதில் ஸ்டீல் கலைஞருக்கு இடமும் உண்டு. சொந்தக் குழு இல்லாமல் வரும் பாடகர்களுக்கு அவர்களே பக்கவாத்தியம் வாசிக்கிறார்கள். அதனால் அன்றைய பட்டியலில் யார் பெயர் இருந்தாலும், ஓரிரு பாடல்களிலாவது ஸ்டீல் கேட்கும் வாய்ப்பு மிகுதி. பட்டியலில் மூத்த பாடகர்கள் இருக்கும் இரவைத் தேர்ந்தெடுத்தால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும்.

டோப்ரோவைக் கேட்க விரும்புபவர்கள் ‘ஸ்டேஷன் இன்’ என்ற புளூகிராஸ் விடுதிக்குச் செல்ல வேண்டும். அது தனி உலகம், தனிக் கட்டுரைக்கு உரியது.

டெக்சஸ்

நடனத்தளத்தைத் தேடுங்கள் என்று தொடக்கத்தில் சொன்னதன் பொருள் டெக்சஸில்தான் முழுமையாக விளங்கும். அங்கே கன்ட்ரி இசை உட்கார்ந்து கேட்பதற்கு மட்டும் உரியதல்ல; டூ-ஸ்டெப், வால்ட்ஸ் நடனங்களை எழுபது வயதுத் தம்பதியரும் கல்லூரி மாணவர்களும் ஒரே தளத்தில் ஆடுகிறார்கள். வால்ட்ஸின் மூன்று தட்டு அசைவுக்குள் பாடகரின் வரிகளை இணைத்துச் செல்ல ஸ்டீலைப்போல் வேறொரு கருவி உதவுவதில்லை என்பதால், நடனக் கூடத்துக் குழுக்கள் அதை எளிதில் கைவிடுவதில்லை. வெஸ்டர்ன் ஸ்விங் இசையின் முன்னோடியான பாப் வில்ஸின் குழுவில் லியோன் மெக்காலிஃப் ஸ்டீல் வாசித்த 1930களிலிருந்தே இந்த உறவு தொடர்கிறது.

ஆஸ்டின் நகரில் ‘புரோக்கன் ஸ்போக்’ 1964ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. தாழ்ந்த கூரையும் நீண்ட நடனத்தளமும் கொண்ட அந்தக் கூடத்தில் நடனம் கற்றுக்கொடுக்கும் இரவுகளும் உண்டு. அதே நகரின் ‘வைட் ஹார்ஸ்’ விடுதி இளைஞர்கள் கூடும் இடம், அங்கும் வாரத்தில் பல இரவுகள் ஸ்டீல் ஒலிக்கிறது. நியூ பிரான்ஃபெல்ஸ் நகரிலுள்ள ‘கிரீன் ஹால்’ 1878ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. மரச்சுவர்கள் திறந்து கிடக்கும் அந்தக் கூடத்தின் ஒலியழகு நெஞ்சை நிறைக்கும், ஆனால் அங்கு வரும் எல்லாக் குழுக்களும் மரபான கன்ட்ரி வாசிப்பவை அல்ல என்பதால் பட்டியலைப் பார்த்தே செல்ல வேண்டும்.

நடனம் தெரியாது என்பதற்காகத் தயங்க வேண்டாம். தளத்தைச் சுற்றி மேசைகள் இருக்கும். ஆடுபவர்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி வருவார்கள், அவர்கள் பாதையில் நிற்காமல் இருந்தால் போதும்.

ஸ்டீல் கலைஞர்களே கூடும் இடம்

ஒரே கூரையின் கீழ் பலரைக் கேட்க விரும்புபவர்களுக்கு ஸ்டீல் கிட்டார் சங்கங்களின் ஆண்டுக் கூடல்கள் இருக்கின்றன. டெக்சஸ் ஸ்டீல் கிட்டார் சங்கம் மார்ச் மாதத்தில் டாலஸ் வட்டாரத்தில் நடத்தும் ‘ஜம்போரி’ அவற்றில் முக்கியமானது. ஹோட்டல் கூடத்தில் ஒரு பக்கவாத்தியக் குழு நிலையாக இருக்க, ஸ்டீல் கலைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து முன்வரிசையில் அமர்ந்து வாசிப்பார்கள். பாடகருக்குப் பின்னால் இருந்து ஓரிரு வரிகளை மட்டும் வாசித்துப் பழகியவர்கள் இங்கே முழுப் பாடலையும் தங்கள் கையில் எடுத்துக்கொள்வதைக் கேட்கலாம். அடுத்த அறைகளில் கருவி செய்பவர்கள் கடை விரித்திருப்பார்கள். புதியவர் ஒருவர் எஃகு உருளையைக் கையில் வாங்கித் தந்தியில் வைத்துப் பார்க்க இதைவிடப் பொறுமையான சூழல் கிடைப்பது அரிது. வருபவர்களில் பெரும்பாலோர் மூத்தவர்கள். இளைஞர் ஒருவர் ஆர்வத்துடன் கேட்டால், தாங்கள் நாற்பது ஆண்டுகளில் கற்றதை அரைமணி நேரத்தில் அள்ளிக் கொடுத்துவிட வேண்டும் என்ற தவிப்பை அவர்கள் முகத்தில் பார்க்கலாம்.

சென்ற பிறகு

இருக்கையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. பெடல் ஸ்டீல் கிடையாக இருப்பதால், நேர் எதிரில் தாழ்வாக அமர்ந்தால் மிதிகளும் முழங்கால்களும் தெரியும், தந்திகள் தெரியாது. மாடத்தில் அமர்ந்தால் கைகள் தெரியும், கால்கள் மறையும். முதன்முறை பார்ப்பவர்கள் கால்களைப் பார்க்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து. இடப்பாதம் ஒரு மிதியிலிருந்து அடுத்ததற்குச் சாய்வதும், முழங்கால் பக்கவாட்டில் அசைவதும், அதே நொடியில் சுரம் உருகி மாறுவதும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், பிறகு பதிவில் கேட்கும்போதும் அந்தக் கால்களை மனம் பார்க்கத் தொடங்கிவிடும். ஸ்டீல் கலைஞரின் ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலும் அவருக்குப் பின்னால் இருக்கும். சிறிய விடுதிகளில் அதன் பக்கமாக அமர்ந்தால் மற்றக் கருவிகளின் இரைச்சலுக்கு நடுவிலும் ஒவ்வொரு சுரமும் தனியாகக் கேட்கும்.

பிராட்வே விடுதிகளில் இசைக்குழுவின் வருமானத்தில் பெரும்பகுதி மேடை முன்னால் சுற்றிவரும் காணிக்கைக் குடத்திலிருந்தே வருகிறது. ஆகவே கையில் சில்லறை டாலர் நோட்டுகளை வைத்துக்கொண்டு செல்லுங்கள். பாடல் ஒன்றை விரும்பிக் கேட்கும்போது பணம் வைத்துக் கேட்பதே அங்கு மரியாதை. ஸ்டீலுக்கு இடம் தரும் பழைய பாடல் ஒன்றைக் கேட்டால், பாடகர் சிரித்துக்கொண்டே ஸ்டீல் கலைஞர் பக்கம் திரும்புவதைக் காண்பீர்கள். பாடலின் நடுவே அவர் வாசித்து முடிக்கும்போது கைதட்டத் தயங்காதீர்கள். அது இடையூறு அல்ல, அந்த மேடைகளின் வழக்கம்.

இடைவேளையில் பேசலாம். கருவியைத் தொடாதீர்கள், அதன்மேல் கோப்பையை வைக்காதீர்கள். அடியில் நூற்றுக்கணக்கான நுண்ணிய பாகங்கள் கம்பிகளால் இணைக்கப்பட்டிருக்கின்றன. என்ன கேட்பது என்று தெரியாதவர்கள் “உங்கள் கோபெடன்ட் எப்படி?” என்று கேட்டால் போதும். எந்த மிதி எந்தத் தந்தியை எவ்வளவு மாற்றுகிறது என்ற அமைப்பைக் குறிக்கும் சொல் அது. ஒவ்வொருவரும் தங்கள் கைக்கும் காதுக்கும் ஏற்ப அதைச் சிறிது மாற்றி வைத்திருப்பார்கள், அதைப் பற்றிப் பேசுவதில் எவருக்கும் சலிப்பு வருவதில்லை. விடைபெறும் முன், அடுத்த வாரம் எங்கே வாசிக்கிறார் என்றும், நகரத்தில் அவர் விரும்பிக் கேட்கும் வேறு ஸ்டீல் கலைஞர் யார் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

அமெரிக்கா செல்ல இயலாதவர்கள் நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். வானொலியை இணையத்தில் கேட்கலாம். ஆப்ரி நிகழ்ச்சி அதில் நேரலையாக ஒலிபரப்பாகிறது. நாஷ்வில்லின் சனிக்கிழமை மாலை இந்தியாவிலும் இலங்கையிலும் ஞாயிறு அதிகாலை.